முக்கோணத்துக்கு சென்டர் எங்கே

ஒரு ஸ்டூலுக்காக நான் பரீட்சை எழுதியிருக்கிறேன். சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்கள் ஒரு நாள் முழுக்க செக்கிங் டேபிள் முன்னால் நின்றுவிட்டு வந்து சிரிக்கட்டும்.

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி. இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருடம் ஆகியிருக்கும். தைத்து வரும் பனியனை டேபிளில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எல்லாம் பார்த்து, தப்பு இருக்கிற இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளுவது என் வேலை. முன்பெல்லாம் தரையில் துணி விரித்து உட்கார்ந்துதான் பார்ப்போம். சரக்கு வாங்குகிற ஏதோ ஒரு நாட்டு பையர் வந்து பார்த்துவிட்டு, உட்கார்ந்தால் தூங்கிவிடுவார்கள் என்றானாம். டேபிள் வந்தது. நாங்கள் எழுந்தோம். பிறகு உட்காரவே இல்லை.

என் இடது காலில் முழங்காலுக்குக் கீழே நரம்பு பச்சையாக முடிச்சு முடிச்சாகப் புடைத்துக்கொண்டது. சாயங்காலம் ஆனால் கணுக்கால் காணாமல் போய்விடும். டாக்டரிடம் போனேன். "நிக்கறதக் கொறைங்க" என்றார். இந்த இரண்டு வார்த்தையைக் கேட்பதற்கு டோக்கன் வாங்கிக் காத்திருந்தேன், அதையும் நின்றுகொண்டே. அன்றிலிருந்து எனக்குக் கம்பெனியில் ஒரே ஆசை. சம்பள உயர்வு இல்லை, நல்ல பெயர் இல்லை. உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் கரடி அக்குளுக்குள் போனது.

குழந்தைகளுக்கான பனியன் ஆர்டர். நெஞ்சில் நடுவாக ஒரு கரடி முகம் பிரின்ட் ஆக வேண்டும். பிரின்டிங் செக்‌ஷனில் எவனோ துணியைக் கோணலாக ஒட்டியிருக்கிறான், கரடி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, கடைசியில் ஒரு காது கையிடுக்கில் போய்ச் செருகிக்கொண்டது. சரக்கு கப்பலேறிப் போய்த் திரும்பி வந்தது. முதலாளி கத்தின கத்தலில் நிட்டிங் மெஷின் சத்தமே கேட்கவில்லை. கடைசியில் ஒரு முடிவு எடுத்தார்கள். இனிமேல் பிரின்ட் அடிக்கும் முன்னால் ஒவ்வொரு பீஸும் நடுவாக வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க ஒரு ஆள். அதற்கு பிளேஸ்மென்ட் செக்கர் என்று பெயர். பிரின்டிங் டேபிள் தாழ்வானது, நின்றுகொண்டு பார்க்க முடியாது. ஆகவே அந்த ஆளுக்கு ஒரு ஸ்டூல்.

ஸ்டூல் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு வேறு எதுவும் கேட்கவில்லை.

வேலையும் தெரியாத வேலை இல்லை. முன்பக்கத் துணியை இரண்டாக மடி, தோளோடு தோள் சேர், மடிப்பின் மேல் நகத்தால் ஒரு கீறு. விரித்தால் கோடு இருக்கும். அதுதான் சென்டர். கழுத்திலிருந்து எவ்வளவு இறக்கம் என்பதை டேப் சொல்லிவிடும். திருப்பூரில் பள்ளிக்கூடம் போகாத ஆளுக்கும் இது தெரியும். பழைய காலமாக இருந்தால் சூப்பர்வைசர் தன் மச்சினியைக் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்திருப்பார், நாங்களும் முதுகுக்குப் பின்னால் திட்டிவிட்டு வேலையைப் பார்த்திருப்போம். ஆனால் அந்த வருடம் எங்களுக்கு ஹெச்.ஆர். ஒருவன் வந்திருந்தான். கோயமுத்தூரில் எம்.பி.ஏ. படித்தவன். கழுத்தில் ஐடி கார்டு, வாயில் "சம வாய்ப்பு". செக்கிங் செக்‌ஷனில் யார் வேண்டுமானாலும் வரலாம், டெஸ்ட் வைத்துத்தான் எடுப்பேன் என்றான்.

டெஸ்ட் என்றதும் நாங்கள் பனியனைக் கொடுத்து நடுப் பார்க்கச் சொல்வான் என்று நினைத்தோம். அவன் கேன்டீன் சுவரில் ஒரு தாளை ஒட்டினான், பழகிக்கொள்ளுங்கள் என்று.

தாளின் நடுவே ஒரு கோடு. கோட்டுக்கு இடது பக்கம் ஆறு கட்டம், வலது பக்கம் ஆறு கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு உருவம், உருவத்துக்குள் ஒரு பொட்டு. இடது பக்கத்து ஆறுக்கும் பொதுவாக ஒரு விஷயம் இருக்கும், அது வலது பக்கத்து ஆறில் ஒன்றுக்கும் இருக்காது. அது என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும். கீழே தனியாக ஒரு கட்டம். அது இடது பக்கம் சேருமா, வலது பக்கம் சேருமா, டிக் போடு.

சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் தூக்குப்போசியும் கையுமாக அதன் முன்னால் கூடிவிட்டோம். சூப்பர்வைசர் பல்குத்திக்கொண்டே வந்து பார்த்தார்.

"இதுல என்ன அம்மிணி இருக்குது? இந்தப் பக்கம் இருக்கறதெல்லாம் பாஸு. அந்தப் பக்கம் ரிஜெக்டு."

"அது தெரியுதுங்க. எதனால ரிஜெக்டு?"

"அதயெல்லாம் பையர் சொல்லமாட்டான்."

எனக்கு எதிர் டேபிளில் தூத்துக்குடிக்காரி ஒருத்தி இருந்தாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். புருஷனோடு பிழைக்க வந்தவள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாவிட்டால் திங்கட்கிழமை முழுக்க முகம் சரியிருக்காது. அவள் வலது பக்கத்துப் பொட்டுகளைக் காட்டி, "யக்கா, இவன் கண்ணாடியப் பாக்காம பொட்டு வச்சிருக்கான். அதாம் எல்லாம் காதுப் பக்கம் போயிட்டு" என்றாள்.

அவள் கிண்டலுக்குச் சொன்னாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. இடது பக்கம் பொட்டு உருவத்தின் நடுவில் இருந்தது. வலது பக்கம் நடுவில் இல்லை. அவ்வளவுதான் சங்கதி. விளங்கினதும் முதுகில் யாரோ தட்டிக்கொடுத்த மாதிரி இருந்தது.

அடுத்து வேறு தாள் ஒட்டினான். பெரிய சதுரத்துக்குள் சின்ன வட்டம். இரண்டுக்கும் ஒரே நடு என்றால் இடது, நடு விலகினால் வலது. அதற்கடுத்து மூன்று உருவங்கள். மூன்றின் நடுவையும் சேர்த்து நேர்கோடு வந்தால் இடது, கோணினால் வலது. எல்லாமே நடு. எல்லாமே சென்டர். எனக்கு அது பிடித்துவிட்டது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது, அவன் வைத்த விளையாட்டு எனக்குப் பிடித்துவிட்டதே என்று. இட்லித் தட்டைப் பார்த்தால் குழிகளின் நடு தெரிந்தது. மண்ணரைப் பகுதியில் எங்கள் லைன் வீட்டு ஃபேன் கூரையின் நடுவில் மாட்டப்படவில்லை என்பது பத்து வருடம் கழித்து அப்போதுதான் கண்ணில் பட்டது. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "காத்து வருதில்ல? அப்பறமென்ன" என்றார்.

டெஸ்ட் கேன்டீனில் நடந்தது. பென்சில் மட்டும் கொடுத்தான். ஸ்கேல் கூடாது, டேப் கூடாது, கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றான். சொல்லிவிட்டு யாரோ போன் பண்ண, வெளியே போய் நின்று பேச ஆரம்பித்துவிட்டான்.

ஆரம்பத்துக் கேள்விகள் எல்லாம் வட்டமும் சதுரமும்தான். பிறகு ஒன்று வந்தது. மேலே பன்னிரண்டு கட்டத்திலும் வட்டம், சதுரம், நீளச் சதுரம் மட்டும். கீழே தனிக் கட்டத்தில் ஒரு முக்கோணம், அதற்குள் ஒரு பொட்டு. நடுவா, இல்லையா?

கண் சொல்லவில்லை. கை சொல்லியது. தாளை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தேன். முக்கோணத்தின் இடது முனையும் வலது முனையும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும்படி மடித்தேன், நகத்தால் கீறினேன். பிறகு உச்சியை அடிக்கோட்டோடு சேர்த்து மடித்தேன், அதையும் கீறினேன். விரித்தால் இரண்டு மடிப்பும் வெட்டிக்கொள்கிற இடம் பளிச்சென்று தெரிந்தது. பொட்டு அதற்குக் கீழே கிடந்தது. நடு இல்லை. வலது. டிக்.

பின்னால் வந்த முக்கோணங்களையும் இப்படியே மடித்து டிக் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். கேன்டீன் முழுக்க சர், சர் என்று நகம் உரசும் சத்தம். செக்கிங் செக்‌ஷன் மொத்தமும் கேள்வித்தாளை மடித்துக்கொண்டிருந்தது. ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி மடிக்கவில்லை. கையில் ஒன்று கிடைத்து, இதற்கு நடு எங்கே என்று கேட்டால், எங்கள் ஊரில் வேறு எதுவும் செய்யத் தெரியாது.

தூத்துக்குடிக்காரி மட்டும் சீக்கிரமே எழுந்து, தாளை வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து எங்களைக் கூப்பிட்டு வரிசையாக நிற்க வைத்தான். நிற்பதுதான் எங்களுக்குப் பழக்கமாயிற்றே. கையில் எங்கள் தாள்கள். கசங்கிப்போய், கோடு கோடாக, பரோட்டா கட்டின காகிதம் மாதிரி இருந்தன.

"இது கொஸ்டின் பேப்பரா, கர்ச்சீப்பா?" என்றான்.

ஒரு தாளை விரித்து எங்கள் பக்கம் ஆட்டினான்.

"ரைட் ஆன்சர் எல்லாருக்கும் ஒண்ணா இருந்தா நான் சந்தேகப்பட மாட்டேன். ரைட் ஒண்ணுதான் இருக்க முடியும். ஆனா உங்க தப்பெல்லாம் ஒண்ணா இருக்கு. முக்கோணம் வந்த கேள்வி அத்தனையிலும் பதினோரு பேரும் ஒரே தப்பு. அதெப்படி? மடிச்சு மடிச்சு பக்கத்துல பாஸ் பண்ணியிருக்கீங்க. காப்பி."

காப்பி என்றதும் எனக்குக் காது சுட்டது. எட்டாவது வரைக்கும் படித்தேன், ஒழுங்காக ஃபெயில் ஆனேன், ஒருநாளும் பக்கத்துத் தாளைப் பார்த்ததில்லை.

"ஒரே ஒருத்தர்தான் பேப்பரை மடிக்கல" என்று தூத்துக்குடிக்காரியைக் காட்டினான். "முக்கோணம் எல்லாம் கரெக்ட். ஈஸியான கேள்விலதான் பாதி தப்பு. கஷ்டமானது வந்துடுது, ஈஸியானதுல கவனம் இல்ல. அது ஒரு மாதிரி ஜீனியஸ் மூளை."

ஜீனியஸ் சேலைத் தலைப்பை வாயில் அமுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள். ஸ்டூல் அவளுக்குப் போனது. எங்கள் தாள்கள் கேன்சல்.

சாப்பாட்டு நேரத்தில் அவளைப் பிடித்தேன்.

"எப்பிடிடீ கண்டுபுடிச்ச?"

"நான் என்னத்தக் கண்டேன் யக்கா? முந்தி இருந்த கம்பெனில பனியன் கைப் பீஸு அடுக்குவேம்லா, இடது, வலது, இடது, வலதுன்னு. அதே மாரி டிக்கப் போட்டுட்டு எந்திரிச்சிட்டேன். டீ ஆறிப்போவும்லா."

"படத்தயே பாக்கலியா?"

"பொட்டு வச்சவன் பாத்திருப்பாம்லா. நான் வேற என்னத்துக்கு? கர்த்தர் பாத்துக்கிட்டாரு."

"ஏன், எங்களுக்கு மட்டும் கண்ண மூடிக்கிட்டாராமா?"

"நீங்க மடிச்சு மடிச்சு அவருக்கே கொழப்பம் வந்துட்டு யக்கா" என்று சொல்லி, புளிச்சோற்றில் பாதியை என் மூடியில் அள்ளி வைத்தாள். அடிக்கலாம் போல இருந்தது. சாப்பிட்டேன்.

பிறகு நேராக ஹெச்.ஆர். அறைக்குப் போனேன். கதவைத் தட்டினேனா என்று ஞாபகம் இல்லை.

"ஏனுங் சார், நாங்க காப்பி அடிச்சத நீங்க பாத்தீங்களா?"

"பேப்பரே சொல்லுதே மேடம்."

"பேப்பர் ஒண்ணும் சொல்லலீங்க. மடிச்சா சென்டர் வரும்னு மடிச்சோம். பீஸ மடிக்கறமில்லீங்களா, அதாட்டத்தான்." அவன் மேஜையிலிருந்த ஒரு வெள்ளைத்தாளை எடுத்து முக்கோணம் வரைந்து, மடித்து, கீறி, விரித்துக் காட்டினேன். "இப்பப் பாருங்க. பதினோரு பேரும் இப்பிடித்தான் மடிப்போம். பதினோரு பேருக்கும் இதே எடத்துலதான் வரும். இதுல எதுக்குங்க காப்பி?"

அவன் அந்த மடிப்பின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தான். கெட்டவன் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

"சரி மேடம், காப்பி இல்ல" என்றான். "ஆனா தப்பு."

சட்டைக்குள் வைக்கிற அட்டை ஒன்றை எடுத்துக் கத்தரியால் முக்கோணமாக வெட்டினான். "நீங்க சொல்ற சென்டர்ல நிக்க வையுங்க" என்று பேனாவைக் கொடுத்தான். தாளில் என் மடிப்பு வெட்டிக்கொண்ட மாதிரியே அட்டையின் பாதி உயரத்தில் பேனா முனையை வைத்தேன். அட்டை சரிந்து விழுந்தது. மறுபடி வைத்தேன். மறுபடி விழுந்தது. அவன் வாங்கி, அதற்குக் கீழே, அடிப்பக்கமாக வைத்தான். அட்டை பேனா மேல் அசையாமல் நின்றது.

"மேல கூர்மை, கீழ அகலம். கனம் கீழதான இருக்கு? அப்ப நடுவும் கீழதான் வரும்."

மடிப்பு பொய் சொல்லும் என்று அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. பனியனை இடமும் வலமுமாகத்தான் மடிப்போம், அது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், ஆகவே பொய் சொல்லாது. மேலும் கீழும் யார் மடித்தார்கள்? அதை டேப் பார்த்துக்கொள்கிறது. ஆனால் தோற்றாலும் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட வேண்டும்.

"முக்கோணம் தப்புதாங்க. மத்ததெல்லாம் சரிதானே? காப்பி இல்லைன்னா எங்க மார்க்கு எங்களுக்கு வேணும். அவளவிட எங்களுக்குத்தானே ஜாஸ்தி?"

"ஜாஸ்திதான். ஆனா பதினோரு பேருக்கும் ஒரே மார்க். யாருக்குக் குடுக்கட்டும்? ஸ்டூல் ஒண்ணுதான். இந்த டெஸ்ட்டே வித்தியாசத்தக் கண்டுபிடிக்கத்தான். வித்தியாசமா இருந்தது அந்தப் பேப்பர் ஒண்ணுதான் மேடம். நான் ரிசல்ட் மெயிலும் அனுப்பிட்டேன்."

அவள் இடது வலது என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டாள் என்பது என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. நல்ல மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். சொன்னால் இன்னொரு டெஸ்ட் வைப்பான். அதில் ஐங்கோணம் வரும்.

"செரீங்க சார். போஸ்டு அவளுக்கே இருக்கட்டும். எனக்கு ஒரு ஸ்டூல் மட்டும் குடுங்க. செக்கிங் டேபிள்கிட்டயே போட்டுக்கறேன். கால் வலிக்குது."

"ஸ்டூல் போஸ்டோட அட்டாச்டு மேடம். செக்கிங்னா ஸ்டாண்டிங்தான். பையர் ஸ்டாண்டர்டு."

நான் திரும்பி வந்து நின்றேன்.

சாயங்காலம் வீட்டில் விளக்குப் பொருத்தும்போது முருகன் காலண்டர் எதிரில் இருந்தது. நாங்கள் தறிக்காரக் குடும்பம், தறிக்காரர்களுக்கு எல்லாம் முருகன்தான்; எங்கள் வீட்டில் அவர் இல்லாத சுவர் கிடையாது. அந்தப் படத்தில் முருகனுக்குப் பின்னால் ஆறு முனை நட்சத்திரம். ஒரு முக்கோணம் மேல் நோக்கி, ஒரு முக்கோணம் கீழ் நோக்கி, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று. நடுவில் வேல். இரண்டு முக்கோணத்துக்கும் ஒரே நடு. விரல் வைத்துப் பார்த்தேன். மேல் நோக்கின முக்கோணத்தில் அந்த இடம் பாதி உயரத்துக்குக் கீழே, ஹெச்.ஆர். பேனா வைத்த அதே இடத்தில் இருந்தது.

பிறந்ததிலிருந்து தினமும் கும்பிடுகிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"சாமிகிட்ட என்ன மொறைப்பு?" என்றார் வீட்டுக்காரர்.

"ஒண்ணுமில்லீங்க. இவரும் ஹெச்.ஆர். கட்சிதான்."

தூத்துக்குடிக்காரி பிரின்டிங் டேபிள் பக்கம் போய் உட்கார்ந்தாள். அங்கே முக்கோணத்துக்கு யாரும் நடுக் கேட்கவில்லை. கரடி, வாத்து, கார். துணியை மடி, நகத்தால் கீறு, கோட்டில் வை. எந்த மடிப்புக்காக எங்களைக் காப்பிக்காரிகள் என்றானோ அதையே அவள் நாள் முழுக்கச் செய்தாள், நன்றாகவும் செய்தாள். சூப்பர்வைசர் அந்தப் பக்கம் இல்லாதபோது என்னைக் கை காட்டிக் கூப்பிடுவாள். "யக்கா, ரெண்டு நிமிசம் உக்காரு, வா. நான் நிக்கேன்." போய் உட்காருவேன். காலில் ரத்தம் திரும்புவது தெரியும். இரண்டு நிமிடம் நிறைவதற்குள், "அம்மிணி, உங்க டேபிள்ல பீஸு மலையாட்டக் கெடக்குது, அங்க என்ன சீமந்தமா?" என்று சூப்பர்வைசர் குரல் வந்துவிடும்.

அவள் மேல் கோபம் இல்லை என்றால் பொய். அவள் உட்கார்ந்திருப்பதை நான் நின்றுகொண்டு பார்க்க வேண்டியிருந்தது. கோபம் இல்லாமல் எப்படி இருக்கும்? ஆனால் அந்தக் கோபத்தை அவள் மேல் வைத்தால் என் கால் வலி குறையப்போவதில்லை. தீபாவளி நோம்பி வரைக்கும் பல்லைக் கடித்தேன். போனஸ் கைக்கு வந்ததும் நின்றுவிட்டேன். நின்றுவிட்டேன் என்றால் எங்கள் ஊரில் வேலையை விட்டுவிட்டேன் என்று அர்த்தம். இந்தச் சொல்லை எவன் கண்டுபிடித்தானோ, எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வந்தது.

ஹெச்.ஆர். கூப்பிட்டு ஏன் என்று கேட்டான். ஸ்டூல் என்றேன். காரணம் எழுதுகிற இடத்தில் அதை எழுத முடியாது என்றான். அது உங்க பிரச்சினைங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நோம்பி முடிந்தால் திருப்பூரில் பாதிக் கம்பெனி வாசலில் செக்கர் தேவை என்று போர்டு தொங்கும். நடக்க முடிகிற தூரத்தில் ஒன்றைப் பார்த்து உள்ளே போனேன். சின்ன யூனிட். மாடியில் தகரக் கூரை. பொறுப்பில் இருந்தவர் பெரியவர், காதில் பேனா செருகியிருந்தார்.

"முன்ன இருந்த கம்பெனிய என்னத்துக்கு அம்மிணி உட்டுப்போட்டு வந்தீங்க?"

"முக்கோணத்துல சென்டர் தப்பாப் போச்சுங்க."

"பிரின்டிங்லீங்களா?"

"ஆமாங்க."

"அது பொழுதுக்கும் நடக்கறதுதானுங்களே. அதுக்கா வேலைய உடுவாங்க?"

"இங்க நின்னு செக்கிங்குங்களா, உக்காந்துங்களா?"

"உக்காந்துதானுங். பையர் வந்தா மட்டும் எல்லாம் எந்திரிச்சுக்கோணும்."

"பையர் எப்பங்க வருவான்?"

"இந்தச் சந்துக்குள்ள எவன் வாரான்? போன வருசம் வாரேன்னான். இன்னும் காணம்."

சுவரோரம் பிளாஸ்டிக் ஸ்டூல்கள் அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்து டேபிளுக்கு முன்னால் போட்டு, உட்கார்ந்து, முதல் பீஸை விரித்தேன்.